மினே நரியும் சோற்றுப் பெட்டி மூடியும்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது பெனிட்டா. என் சின்ன மகன் ஆரோனோடு படித்த பெண். கஜா புயல் அடித்துப் போன நான்காம் நாள். பட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டில் கரண்டும் இல்லை, பஸ்ஸும் ஓடவில்லை. விருந்துக்கு வந்திருந்த பிள்ளைகள் நாலு பேரும் ஊர் திரும்ப வழியில்லாமல் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்த இடத்திலேயே காடு மலை எல்லாம் போய்வருகிற விளையாட்டு அது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். வழியில் பூதம் வரும், பாம்பு வரும். அன்றைக்கு ஜப்பான் தேசத்து மாய நரி ஒன்று வந்தது. "இந்த நரி எங்கேயிருந்தம்மா இதுக்குள்ள வந்துச்சு?" என்று கேட்டேன். பெனிட்டா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சொன்ன வார்த்தைகளில் பாதி மறந்துவிட்டது. என் வாயில் வருகிறபடி சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் மிருகங்கள் பேசும். பேசுவது மட்டுமில்லை, கூப்பிட்டால் விளையாடவும் வரும்.

ஜப்பான் தேசத்தில் ஒரு மலை. அந்த மலைக்கு நடுவில் ஒரு கணவாய். கணவாய்க்குக் கீழே ஒரு சத்திரம். அதை நடத்தியவள் பெயர் ஒகினு. நாற்பது வயதைத் தாண்டியவள். வாயைத் திறந்தால் உண்மையைத் தவிர வேறொன்றும் வராது என்று பெயர் வாங்கியவள். காலையில் எழுந்ததும் முதல் பிடிச் சோற்றை மலைச் சாமிக்கு எடுத்து வைத்துவிட்டு, அன்றைக்குத் தன் கூரைக்குக் கீழே இருக்கிறவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கும்பிடுவாள். அதற்குப் பிறகுதான் அடுப்பில் தண்ணீர் வைப்பாள்.

பனி கொட்ட ஆரம்பித்தால் நாலு மாதம் கணவாய் அடைத்துக்கொள்ளும். வந்தவர்கள் போக முடியாது. மேலே காட்டில் மிருகங்களுக்கும் இரை கிடைக்காது. முன்பெல்லாம் அவை இறங்கி வந்து கோழி திருடும். மனிதர்கள் பொறி வைப்பார்கள். இரண்டு பக்கமும் சேதம். ஒகினுவின் பாட்டி காலத்தில்தான் இரண்டு பக்கமும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். குளிர்காலத்தில் பொறியும் கிடையாது, திருட்டும் கிடையாது. சத்திரத்துக் கூடத்தில் பகடை விளையாட்டு நடக்கும். கதையில் பயங்கரமான மிருகம் வரவேண்டிய இடத்தில் மிருகமே வந்து உட்காரும். விளையாட்டு முடிந்ததும் ஒரு கிண்ணம் சுடுகஞ்சி குடித்துவிட்டுப் போகும்.

ஒரே ஒரு நிபந்தனை. மனிதனை மிருகம் நம்பாது, மிருகத்தை மனிதன் நம்பமாட்டான். அதனால் பகடை எல்லார் கண்ணுக்கும் தெரிய நடுமேசையில்தான் உருள வேண்டும். மனிதன் தோற்றால் அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் பங்குச் சோற்றில் பாதி மிருகத்துக்கு. மிருகம் தோற்றால் அதன் மாயத்தில் கொஞ்சம் போய்விடும். நீள மூக்குப் பூதம் ஒன்று இருந்தது. ஒரு குளிர்காலத்தில் ஐந்து தடவை தோற்று, வசந்தத்தில் குட்டை மூக்கோடு வெட்கப்பட்டுக்கொண்டு மலை ஏறியதாம்.

மினே என்கிற நரிக்கு அப்படிப் போவது வால். வரும்போது அவளுக்கு ஒன்பது வால். ஒவ்வொன்றின் நுனியிலும் அகல் விளக்குச் சுடர் மாதிரி ஒரு வெளிச்சம். தோற்றால் ஒரு வால் அணைந்துபோகும்.

ஒகினு பிறப்பதற்கு முன்னாலிருந்தே மினே வந்துகொண்டிருக்கிறாள். வாசலில் நின்று நாலு காலையும் தட்டித் தட்டிப் பனியை உதறுவாள். அந்தச் சத்தம் கேட்டதும் கூடத்தில் எல்லாரும் நகர்ந்து இடம் விடுவார்கள். "பயப்படத் தயாரா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைவாள். ஒரு நாள் ராணி மாதிரி நடப்பாள், இன்னொரு நாள் பல் போன சாமியார் மாதிரி இருமுவாள். அவள் குரலை மாற்றினால் உள்ளே அடுப்பில் பால் பொங்கினாலும் யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

அந்த வருஷம் சத்திரத்தில் மாட்டிக்கொண்டவர்கள் மூன்று பேர். கருவாடு விற்கும் மொகுசுகே, அறுபது வயதுக்காரர். படையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த தத்சுமா என்கிற இளைஞன். ஒசென் என்கிற மருத்துவச்சி. விளையாட்டில் ஆளுக்கொரு வேஷம். மருத்துவச்சி வாள் வீரன் வேஷம் எடுத்துக்கொண்டாள்.

"ஏம்மா, பிள்ளை பெற வைக்கிற கை, அதுல போய் வாளா?" என்று மொகுசுகே கேட்டார்.

"முப்பது வருஷமா உயிரை வெளியில கொண்டுவந்து அலுத்துப்போச்சு அண்ணே. மிச்சத்தையும் கொஞ்சம் பார்க்கிறேனே," என்றாள் ஒசென்.

நிஜப் போர்வீரனான தத்சுமா புல்லாங்குழல் ஊதும் பண்டாரம் வேஷம் எடுத்தான். ஏன் என்று அவனை யாரும் கேட்கவில்லை. மொகுசுகே வில்லாளி.

குளிர்காலம் பாதி போனபோது கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு காகம் சேதி கொண்டுவந்தது. மொகுசுகேயின் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். போக வழியில்லை. காகம் சொன்னதை அவரிடம் சொல்ல வேண்டியவள் ஒகினு. சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, கருவாட்டுக் கூடையை எடுத்து எண்ணெய்த் துணியால் துடைத்தார். துடைத்த கூடையையே மறுபடி மறுபடி துடைத்தார்.

இரண்டு நாள் கழித்து விளையாட்டில் அவர் ஒரு பாழடைந்த கோயிலுக்குள் போனார். "பெட்டி ஏதாவது இருக்குதா?" என்று சும்மா கேட்டார். அந்த இடத்தில் ஒகினு பெட்டி எதுவும் நினைத்திருக்கவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருக்குது அண்ணே," என்றாள். "உள்ள ஓர் அம்பு. மனுஷர் அல்லாத எதன் மேல விட்டாலும் தப்பாது. ரெண்டு பகடையிலும் ஒண்ணு விழுந்தா மட்டும்தான் தப்பும்."

சேதி வந்த பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாக மொகுசுகே சிரித்தார். "இதைப் பத்திரமா வெச்சுக்கிறேன்மா. கண்ட பேய்க்கெல்லாம் விடமாட்டேன்."

அவர் வைத்துக்கொண்டார். ஒகினு மறந்துவிட்டாள். கதை சொல்கிறவர்கள் செய்கிற தப்பு இதுதான். மனம் இளகி ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள், கொடுத்தது நினைவில் இருக்காது. வாங்கியவர் மறக்கமாட்டார்.

மினேயைப் பற்றி ஒகினுவுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. போன குளிர்காலத்தில் பின்கட்டில் நரியின் மேலிருந்த பனியைத் துடைத்துவிடும்போது, கண்ணுக்கு ஒன்பது வால் தெரிந்தது, கைக்கு ஒன்றுதான் தட்டுப்பட்டது. மற்ற எட்டும் வெறும் நிழல்.

"அக்கா," என்றாள் ஒகினு.

"எழுபது குளிர்காலம் புள்ள. எட்டு தடவை தோத்தா என்ன, அவமானமா?"

"இன்னொன்னும் போனா?"

"பேச்சு போயிரும். உன்னைத் தெரியாது. பொறி எது, புதர் எதுன்னும் தெரியாது. வெறும் நரி." மினே தன் பாதத்தை நக்கிக்கொண்டே சொன்னாள். "வாயைத் திறந்து யார்கிட்டயும் சொல்லிராத. பாவம்னு நெனச்சு விளையாடுறவங்களோட உக்கார்றதுக்கு நான் குகையிலயே கெடப்பேன்."

"பின்ன ஏன் வர்றீங்க? இருக்கிற ஒண்ணோட அங்கயே இருந்தா என்ன?"

"காட்டுல என் பேரைச் சொல்லிக் கூப்பிட யாரு இருக்கா?"

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று ஒகினு வாக்குக் கொடுத்தாள். அடுத்த நாள் காலை முதல் கும்பிடும்போது மினேயின் பெயரையும் சேர்த்துக்கொண்டாள்.

குளிர்காலம் முடிய இன்னும் பத்து நாள். விளையாட்டில் மூவரும் கணவாயின் உச்சிக்கு வந்துவிட்டார்கள். அங்கே காவலுக்கு நிற்கும் மாய நரியாகத் தானே வரவேண்டும் என்று மினே கேட்டிருந்தாள். ஒகினு கணக்காகத்தான் ஏற்பாடு செய்திருந்தாள். நரி மேல் அடி படுவதற்குப் பகடையில் பதினொன்று விழ வேண்டும், விழுவதற்கு முன்னால் நரி இரண்டு தடவை மறைந்து தப்பலாம் என்று கூடத்துச் சுவரில் கரியால் எல்லாருக்கும் தெரிய எழுதிவைத்திருந்தாள். மத்தியானச் சோறு சாப்பிட்டு எழுந்ததும் பனியை உதறும் சத்தம் கேட்டது. வழக்கம்போல மினே மேசையில் கதை சொல்கிற பக்கம் வந்து, ஒகினுவின் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். மிருகங்கள் உட்காரும் இடம் அதுதான்.

அன்றைக்கு அவள் பேசின பேச்சு பல வருஷம் அந்தக் கூடத்தில் பேசப்பட்டது. ஒசெனின் வாள் வீரனைப் பார்த்து, "உன் வாள்ல மஞ்சள் வாசம் அடிக்குதே, குழந்தைக்குத் தொப்புள்கொடி அறுத்த கத்தியா?" என்று கேட்டாள். ஒசென் சிரிப்பை அடக்க முடியாமல் பகடையைக் கீழே போட்டாள். தத்சுமாவின் பண்டாரத்திடம், "ஊது, கேட்போம். நல்லா இருந்தா உன்னைக் கடைசியா சாப்பிடுறேன்," என்றாள்.

மினே ஒரு தடவை மறைந்தாள். இரண்டாம் தடவையும் மறைந்தாள். மூன்றாவதாக உச்சிப் பாறையில் ஒன்பது வாலும் விரிய எழுந்து நின்றாள்.

மொகுசுகே தொண்டையைச் செருமினார். "என்கிட்ட ஓர் அம்பு இருக்குதே ஒகினு. கோயில் பெட்டியில கிடைச்சது. அதை இதுக்காகத்தான் வெச்சிருந்தேன்."

ஒகினுவுக்கு அப்போதுதான் அந்தப் பெட்டி நினைவுக்கு வந்தது. பக்கத்தில் மினேயின் தோள் அசையவில்லை.

"அண்ணே, யோசிச்சுக்கங்க. பேசிக்கூடப் போகலாம். நரி வழி விட்டாலும் விடும்."

"பேச்சா?" என்றார் அவர். சின்னப் பிள்ளையின் சந்தோஷம் அவர் முகத்தில். "ஒண்ணரை மாசமா தூங்கும்போதும் இதை நெனச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன். எப்படிப்பட்டது எதிர்ல வந்தா விடலாம்னு. இதைவிடப் பெரிசா எனக்கு வேற என்ன வரப்போகுது? விட்டுட்டேன்மா. அம்பு போயிருச்சு."

விட்டது விட்டதுதான். அதுவும் உடன்படிக்கையில் உள்ளது. ரகசியத்தைச் சொல்லி நிறுத்தினால் மினேக்குக் கொடுத்த வாக்குப் போகும். அம்பு செல்லாது என்றால் இந்த மனிதனுக்கு அந்தக் குளிர்காலத்தில் கிடைத்த ஒரே சந்தோஷம் போகும். பேசாமல் இருந்தால் நரி போய்விடும். தத்சுமா பகடையை எடுத்து மொகுசுகேயின் கையில் கொடுக்கப்போனான்.

"இங்க குடு தம்பி," என்றாள் ஒகினு.

அவன் பகடையை அவளிடம் நீட்டினான்.

"உச்சியில பனி கொட்டுது. ஒரு முழம் தள்ளி என்ன இருக்குதுன்னு தெரியல. அம்பு எங்க போச்சுன்னு அங்க நிக்கிற உங்க யாருக்கும் தெரியாது. அதனால பகடையை நான் போடுறேன்."

"எழுபது வருஷமா இல்லாத பழக்கமா இருக்குதே அக்கா," என்றான் தத்சுமா.

"இருக்கட்டும். இப்படியொரு பனியும் எழுபது வருஷமா இல்லை."

பக்கத்தில் மத்தியானச் சோற்றுப் பெட்டி இருந்தது. மரப்பெட்டி. அதன் மூடியை எடுத்து மேசைமேல் தனக்கு முன்னால் செங்குத்தாக நிறுத்தி, இடது கையால் பிடித்துக்கொண்டாள். மூடியின் உட்புறத்தில் இன்னும் ஆவித் துளி இருந்தது, இரண்டு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. ஒகினு கண்ணை மூடினாள். என்ன கேட்டாளோ, யாரிடம் கேட்டாளோ. பிறகு மூடிக்குப் பின்னால் பகடையை உருட்டினாள்.

ஐந்தும் ஆறும்.

இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இருவர் கண்ணுக்கு மட்டும்தான் அது தெரிந்தது. மினே மெல்லத் தன் கடைசி வாலை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஊருக்குப் புறப்படுகிறவர்கள் மூட்டையை மடியில் வைத்துக்கொள்வார்களே, அந்த மாதிரி.

"ஒண்ணும் ஒண்ணும்," என்றாள் ஒகினு.

அவள் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய் அது. வாலின் சுடர் நடுங்கிற்று. சிறுத்து, நீலமாகி, ஊசி முனை அளவுக்குப் போயிற்று. எது பெரிது, பகடை விழுந்ததா, வாயால் சொன்னதா என்று அதுவே யோசிப்பது போல இருந்தது. அப்புறம் மெல்லப் பழையபடி நிமிர்ந்து எரிந்தது.

தத்சுமா எட்டிக் கையை நீட்டினான். "மூடியை எடுங்கக்கா. எல்லாரும் பார்க்கணும். அதுதானே பேச்சு?"

மொகுசுகே அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "உக்காரு தம்பி. என் வீட்டுக்காரி போன சேதியை எனக்குச் சொன்னது இந்த வாய்தான். அன்னைக்கு நான் சாட்சி கேக்கல. இன்னைக்கும் கேக்கமாட்டேன்."

ஒகினு பகடையைக் கைக்குள் அள்ளிக்கொண்டாள்.

"தப்பிருச்சா?" என்றார் மொகுசுகே. "எவ்வளவு தூரத்துல போச்சு?"

"காது ஓரமா அண்ணே. ரோமம் கருகுற அளவுக்குப் பக்கத்துல."

அவர் திருப்தியாகப் பெருமூச்சு விட்டார். "நல்ல அம்பு."

பிறகு ஒசெனின் வாள் வீரன் வாளை உறையில் போட்டுவிட்டு நரியிடம் பேசினான். நரி வழி விட்டது. கதையில் மூவரும் கணவாயைக் கடந்து ஊர் போய்ச் சேர்ந்தார்கள். எல்லாரும் கஞ்சி குடித்தார்கள். மினே மட்டும் கிண்ணத்தைத் தொடவில்லை.

பொழுது சாயுமுன் பின்கட்டில் ஒகினு அவளைப் பிடித்தாள்.

"கோபமா அக்கா?"

"பாவம்னு நெனச்சியா?"

"இல்லை. கதை இன்னும் முடியலைன்னு நெனச்சேன்."

மினே பனியில் இறங்கித் திரும்பி நின்றாள். "நல்லாத்தான் பொய் சொல்ற. என்கிட்ட கத்துக்கிட்டிருக்க." பிறகு சொன்னாள், "ஆனா புள்ள, பகடை வெளிச்சத்துல உருளும்னுதான் நாங்க காட்டை விட்டு இறங்கி வந்தோம். அந்தப் பேச்சு இன்னைக்குப் போயிருச்சு. மேல போய் நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். அதே சமயம், தெரிஞ்சுக்கிட்டே அந்த மேசையில என்னால உக்காரவும் முடியாது. அடுத்த தடவை நீ எந்தப் பகடையை எனக்காக மறைக்கிறன்னு பார்த்துக்கிட்டே இருப்பேன். அது விளையாட்டா?"

வாலைக் காப்பாற்ற நினைத்தவள், விருந்தாளியை இழக்கப்போவதை நினைத்திருக்கவில்லை.

"அப்போ உங்க இடத்துல யாரை உக்கார வைக்கிறது?"

"ஒரு காகிதத்துல என்னை வரைஞ்சு வெச்சுக்க. என் குரல் உனக்குத்தான் தெரியுமே. உன் வாயால பேசு."

"வால் எத்தனை போடட்டும்?"

"என்னை எத்தனை பெரிசா பார்க்கத் தோணுதோ, அத்தனை."

இப்படிச் சொல்லிவிட்டு நரி மலை ஏறிற்று. அன்றைக்குத் தன் நிழல் வால்களை அவள் விரிக்கவில்லை. மரங்களுக்கு நடுவில் ஒரே ஒரு சுடர் வெகுதூரம் வரைக்கும் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த குளிர்காலத்தில் மினே வரவில்லை. அவள் ஏன் போகவில்லை என்று மற்ற மிருகங்கள் கேட்டிருக்கும். அவள் பதில் சொல்லியிருக்கமாட்டாள். அது அவற்றுக்குப் போதும். நீள மூக்குப் பூதம் ஒரு தடவை வாசல்வரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிற்று. அதற்கப்புறம் யாரும் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நமக்கும் அவற்றுக்கும் பேச்சும் நின்றுபோயிற்று. ஆனால் ஒகினு இருந்தவரைக்கும் அந்தப் பக்கத்தில் ஒருவரும் பொறி வைத்ததில்லை. பின்கட்டில் கஞ்சிக் கிண்ணம் வைப்பதும் நிற்கவில்லை. சில காலையில் அது காலியாக இருக்கும்.

ஒகினு காகிதத்தில் நரியை வரைந்தாள். கணவாய் அடைக்கும் முன்பே தாண்டிப் போயிருக்கலாம் என்றாலும் மொகுசுகே அந்தக் குளிர்காலத்தைச் சத்திரத்தில் கழிக்க வந்திருந்தார். அவருக்கு முன்னால் காகிதத்தை வைத்து, "பயப்படத் தயாரா?" என்று முதல் தடவையாக அந்தக் குரலில் கேட்டாள். அவர் சட்டென்று நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார். விட்ட பிறகுதான் வெற்றிடத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "தயார்தான் அக்கா," என்று காகிதத்துக்குப் பதில் சொன்னார்.

அன்று முதல்தான் அந்த விளையாட்டில் மிருகங்கள் காகிதத்தில் வந்து கதை சொல்பவரின் வாயால் பேசுகின்றன. மாய நரிக்கு ஒரு படத்தில் ஒரு வாலும், இன்னொரு படத்தில் ஐந்து வாலும், வேறொன்றில் ஒன்பதும் இருக்கின்றன. கதை சொல்பவர் தனக்கு முன்னால் ஓர் அட்டையை மடித்து நிறுத்தி, அதற்குப் பின்னால் பகடையை உருட்டிவிட்டு, விழுந்தது இன்னதென்று வாயால் மட்டும் சொல்கிறார். ஆடுகிறவர்களும் சாட்சி கேட்பதில்லை.

உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இதை ஆடினால் எனக்காக ஒன்று செய்யுங்கள். அந்த அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, நடுவில் ஒரு தடவை, குடிக்கக் கொஞ்சம் வெந்நீர் கொண்டுபோய்க் கொடுங்கள்.